பேஸ்மட்டமும் நாலு கம்பியும்

இது இப்படித்தான் வந்து முடியும் என்று இரண்டு வருடத்துக்கு முன்பே சொன்னவன் நான். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றவை.

கரிசலிலே கடைக்கால் தோண்டிக் கைரேகை தேய்ந்தாலும் கைராசி தேயாத கட்டடத் தொழிலாளர் சங்கத் தலைவர், இந்த விழாவின் தலைவர் வேல்சாமி அண்ணாச்சி அவர்களே, சாந்துச் சட்டி சுமந்தே கோவில்பட்டியை மாடிமேல் மாடியாக உயர்த்திய தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்து முறுக்கு மெல்லும் மூத்தோர்களே, மேடையிலே மாலையும் மௌனமுமாக வீற்றிருக்கும் என் அக்காள் மகள், பேஸ் கிட்டார் கலைஞர் ரேணுகாதேவி அவர்களே, உங்கள் அனைவருக்கும் மேஸ்திரி சாமித்துரையின் மணக்க மணக்க வணக்கம்.

கிட்டார் வாசிக்கிற பிள்ளைக்குக் கொத்தனார் சங்கத்தில் என்ன பாராட்டு விழா என்று ஒருவர் கேட்கிறார். கேளுங்கள் அண்ணாச்சி. கேள்விதானே அறிவுக்கு வாசற்படி.

மதுரையில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை ஒருநாள் ஃபோன் போட்டது. "மாமா, நான் இப்போ பேஸ்ல எறங்கிட்டேன்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. பேஸ்மட்டம். நம் தொழில். ஆவுடைத்தாய் அக்காள் சித்தாளாய்ச் சுமந்த சாந்து மகளுடைய ரத்தத்திலும் கலந்துவிட்டது என்று நினைத்தேன். "எத்தனை அடி ஆழம்ட்டி?" என்றேன்.

"ரொம்ப ஆழம் மாமா. காதை விட நெஞ்சுக்குத்தான் தெரியும்."

"கம்பி எத்தனை போடுதே?"

"நாலு கம்பி."

பில்லருக்கு நாலு கம்பிதானே கணக்கு. எனக்கு எங்கே சந்தேகம் வரும்? புதூர் வரை சொல்லிவிட்டேன், என் அக்காள் மகள் மதுரையிலே பேஸ்மட்டம் போடுகிறாள் என்று. சிரிக்காதீர்கள். சொன்னதில் ஓர் எழுத்தாவது பொய்யா?

தீபாவளிக்கு வந்தவள் ஆளுயரப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கிட்டார். கிட்டாருக்கு ஆறு கம்பி என்கிற உலக அறிவு எனக்கு உண்டு. இதில் நாலுதான் இருந்தது. "ஏட்டி, ரெண்டு அறுந்துபோச்சா?" என்று கேட்டேன். பதில் வருவதற்குள் சைட்டுக்குப் போய் இரண்டு முழம் கட்டுக்கம்பியோடு திரும்பிவிட்டேன்.

"மாமா, இதுக்கு நாலுதான். இது பாட்டுக்கு அடியில போற சத்தம்."

அன்று தொடங்கியது ஐயா என் ஆராய்ச்சி. கம்பி ஏன் இத்தனை தடிமன்? சத்தம் ஏன் இத்தனை தாழ்வு? கம்பி கறுத்துப்போயிருக்கிறதே, ஏன் மாற்றவில்லை?

"புதுக்கம்பி கத்தும் மாமா. பழசுதான் பேசும். எனக்குப் பேசுறதுதான் பிடிக்கும்."

"கிட்டார்க்காரங்க விரல் நுனியில பிடிச்சுத் தட்டுற அந்தச் சின்ன வில்லை வேண்டாமா?"

"வில்லையில தட்டுனா ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். விரல்ல தட்டுனா கதவைத் தட்டுற மாதிரி இருக்கும்."

கேட்டீர்களா? கம்பியிலே இத்தனை கருத்தா? விரலிலே இத்தனை விவரமா? முப்பது வருடம் கம்பி கட்டிய எனக்கு ஒருவராவது இதைச் சொல்லியிருக்கிறார்களா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செண்பகராஜ் அண்ணாச்சியின் இன்னிசைக் குழுவிலே ரேணுகா சேர்ந்த மூன்றாம் மாதம். ஒரு கல்யாண மண்டபம், சாயங்காலம் வரவேற்பு, மதியம் மூன்று மணிக்கு ஒலிச் சோதனை. பெட்டி தூக்க நானும் கூடப் போயிருந்தேன். மண்டபத்துக்குத் தகரக் கூரை. இவள் ஒரு தட்டுத் தட்டினால் கூரை ஒன்பது தட்டுத் தட்டியது. கடைக்காலில் மழைத்தண்ணீர் நின்றால் எப்படியிருக்கும்? அப்படிக் கொழகொழவென்று இருந்தது.

செண்பகராஜ் அண்ணாச்சி அமைதியாகத்தான் சொன்னார். "தாயி, இன்னையோட பேஸ் வேண்டாம்னு நெனைக்கேன். கீபோர்டுக்காரனுக்கு இடது கை சும்மாதான் கெடக்கு. அதுல சமாளிச்சிரலாம். ஒன் சத்தத்தை எவன் கேக்கான்?"

அந்தப் பிள்ளை அழவில்லை. "ஒரே பாட்டை ரெண்டு தடவை வாசிப்போம் அண்ணாச்சி. ஒருக்கா என்னோட, ஒருக்கா நான் இல்லாம. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியலைன்னா நானே பெட்டியைக் கட்டுதேன்."

சொல்லிவிட்டு வேலையிலே இறங்கினாள். சுவர் மூலையில் கிடந்த ஸ்பீக்கர் பெட்டியை நடுவே நகர்த்தினாள். சத்தம் கூட்டுகிற திருகைப் பாதியாகக் குறைத்தாள். பிறகு சமையற்கட்டுக்கு ஓடி, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சுடலையம்மாள் மதினியிடம் ஒரு புது ஸ்பாஞ்சு வாங்கிவந்து, கம்பிகள் முடிகிற இடத்திலே அடியில் செருகினாள்.

ஏன் ஸ்பாஞ்சு? கரிசல்காரர்களே, நீங்களே சொல்லுங்கள். நம் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதன்மேல் நேரே சுவரெழுப்பினால் நிற்குமா? நிற்காது. மண்ணை அள்ளிவிட்டு மணல் மெத்தை போடுகிறோமா இல்லையா? கம்பிக்கு அவள் போட்டதும் மெத்தைதான். அதற்குப் பிறகு தட்டினாள். ஒரு தட்டுக்கு ஒரு தட்டு. கூரை வாயை மூடிக்கொண்டது.

முதல் தடவை அவளோடு வாசித்தார்கள். இரண்டாம் தடவை அவள் இல்லாமல். பாட்டு முழுதாக முடிந்தது. பூக்கட்டுகிறவர் பூக்கட்டினார். நாற்காலி போடுகிறவர் நாற்காலி போட்டார். ஒருவரும் திரும்பவில்லை. ரேணுகா கிட்டாரைப் பெட்டியில் வைத்து ஒரு கொக்கியை மாட்டினாள்.

அப்போது சமையற்கட்டு வாசலிலிருந்து ஒரு குரல். "ஏய்யா, பாட்டு அந்தரத்துல தொங்குதே, தரையை எங்கன கொண்டுபோனீங்க?"

யார் குரல் அது? ஆமாம், நீங்கள் நினைப்பது சரி, என் குரல்தான். செண்பகராஜ் அண்ணாச்சி அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். "பெட்டியைத் தொற தாயி" என்றார். இன்றுவரை அவள் இல்லாமல் அந்தக் குழு ஒரு மேடை ஏறியதில்லை.

அதனால்தான் ஐயா இந்தச் சங்கத்தில் இந்த விழா. அவளும் நம் ஆள். திறப்புவிழாக் கல்லிலே கடைக்கால் தோண்டியவன் பெயரைக் கண்டதுண்டா? மணல் கொட்டியவள் பெயரைக் கண்டதுண்டா? வீட்டைப் புகழ்கிற வாய், வீட்டைத் தாங்குகிற ஆளை ஒருநாளாவது விசாரித்ததுண்டா? அடியிலே இருப்பவர் பெயரை மேடையிலே சொல்லாவிட்டால், அந்த மேடை எதற்கு, அந்த மைக் எதற்கு, அதன்முன் நிற்கிற இந்தச் சாமித்துரை எதற்கு?

இதை இத்தனை சத்தமாகச் சொல்லிவிட்டு மூன்றாவது வரிசையைப் பார்த்தால் நாக்கு உள்ளே இழுக்கிறது. அங்கே சுடலையம்மாள் மதினி என்னையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

சரி, சொல்லிவிடுகிறேன். அந்தக் குரல் என்னுடையதல்ல. நான் அந்நேரம் பந்திக் கூடத்தில் இரண்டாவது கடம்பூர் போளியில் இருந்தேன். கேட்டது மதினி. பிறகு என்னிடம் சொன்னார்: "மொதப் பாட்டுக்கு அண்டாத் தண்ணி கையில நடுங்கிக்கிட்டே இருந்துச்சு தம்பி. ரெண்டாவதுக்குச் சும்மா கெடந்துச்சு. அதான் கேட்டேன்."

முன்கூட்டியே சொன்னது மட்டும் நான்தான், அதில் மாற்றமில்லை. வேல்சாமி அண்ணாச்சி, எனக்குப் போர்த்திய இந்தப் பொன்னாடையைக் கழற்றுகிறேன், கோபிக்கக் கூடாது. மதினி, மேல வாங்க. வரமாட்டீங்களா? அப்போ நான் கீழ வாரேன். பொறுமையாகக் கேட்ட பெருமக்களுக்கு நன்றி, வணக்கம். ஏட்டி ரேணுகா, மாமா படியிறங்குற வரைக்கும் அடியில ஒரு தட்டுத் தட்டு.