பார்த்த வேலை

நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கும் இந்த மேசையின் ஒரு கால் குட்டை. எழுதும்போது ஆடுகிறது. நான்கு தாள் கொடுத்தீர்கள். ஒன்றை மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்துவிட்டு, மீதி மூன்றில் எழுதுகிறேன். தவறாக நினைக்க வேண்டாம். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் இதில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். ஒருவருக்கும் இது உறுத்தவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, இந்தக் காவல் நிலையத்துக்கு நானாகத்தான் வந்தேன். பன்னிரண்டு நாளைக்கு முன்பு மலைச்சாலை இறக்கத்தில் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் தடுப்புச் சுவரை இடித்துக்கொண்டு கீழே போய் விழுந்தது. ஓட்டியவள் என் தங்கை. அங்கேயே இறந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர் அவள் கணவர், என் மாப்பிள்ளை. அவருக்குத் தோள்பட்டையும் இரண்டு விலா எலும்பும் முறிந்தன, ஆள் பிழைத்துக்கொண்டார். தன் பிடிவாதம்தான் அவளைக் கொன்றது என்று உங்களிடம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார். நீங்களும் விபத்து என்று கோப்பை மூடப் போகிறீர்கள். அந்த வண்டிக்கு இன்ஜினும் கியர்பாக்ஸும் மாற்றிக் கொடுத்தவன் நான். மூடுவதற்கு முன்னால் சில விஷயங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.

மாப்பிள்ளை பல் டாக்டர். நல்ல பல் டாக்டர் என்றுதான் சொல்கிறார்கள். அதோடு நின்றிருந்தால் எனக்கும் அவருக்கும் ஒரு தகராறும் இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும். மழை எப்போது வரும், வீட்டுக்கு எந்தப் பக்கம் ஜன்னல் வைக்க வேண்டும், என் பட்டறையில் லேத் எங்கே இருக்க வேண்டும், எல்லாம். நான் முப்பது வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கற்றுக்கொண்டதை அவர் கழிப்பறையில் உட்கார்ந்து போனில் பார்த்துவிட்டு வருவார். வந்து எனக்கே பாடம் எடுப்பார். அவரை எனக்குப் பிடிக்காது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அந்தக் காரை யாரோ ஒருவர் கொட்டகையில் போட்டு வைத்திருந்தார். கோழி முட்டையிட்டிருந்தது அதற்குள். இவர் போய் வாங்கி வந்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டி, வயது நாற்பதுக்கு மேல். அதன் இன்ஜின் சிறியது, ஆனால் ஒழுங்கானது. தன்னால் முடிந்ததைச் செய்யும். முடியாததைச் செய்வதாக அலட்டிக்கொள்ளாது. நான் மனிதர்களிடம் அதிகம் பார்க்காத குணம். மாப்பிள்ளைக்கு அது போதவில்லை. சிக்னலில் பக்கத்தில் நின்ற காய்கறி வேன் அவரை முந்திப் போய்விட்டதாம்.

"மச்சான், ரெண்டு லிட்டர் இன்ஜின் ஒண்ணு போட்ருங்க. கூடவே அஞ்சு கியர் பாக்ஸ். ஒருத்தன் போட்டிருக்கான், வீடியோவே இருக்கு."

"போடலாம் மாப்பிள்ளை. ஆனா பவரை ரெண்டு மடங்காக்கினா பிரேக்கையும் பார்க்கணும்."

"பிரேக் நல்லாத்தானே பிடிக்குது? பாருங்க மச்சான், நாம ரெண்டு பேருமே பல்லு வேலைதான். உங்களுக்கு கியர் பல்லு, எனக்கு மனுஷப் பல்லு. வலிக்காத பல்லை நான் பிடுங்குறதில்ல. நீங்களும் பிடுங்காதீங்க."

என் தங்கை பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். அவள் எதற்கும் சிரிப்பாள். அதில் எனக்கு ஒன்றும் இல்லை.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு அட்டை. இடது பக்கம் 'சொன்ன வேலை' என்று இருக்கும், வலது பக்கம் 'பார்த்த வேலை'. வண்டிக்காரர் கேட்டதை இடது பக்கம் எழுதுவேன். கழற்றும்போது என் கண்ணில் படுவதை வலது பக்கம் எழுதுவேன். என்னிடம் வருகிறவர்கள் அந்த வலது பக்கத்துக்காகத்தான் வருகிறார்கள். சொன்னதைச் செய்ய எந்தத் தெருமுனையிலும் ஆள் கிடைப்பான்.

வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்துவிட்டு வலது பக்கத்தில் இரண்டு வரி எழுதினேன். ஒன்று, இந்தக் காலத்து வண்டிகளில் பிரேக் எண்ணெய்க்கு இரண்டு தனி வழி இருக்கும், ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். இதில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி, அதை மாற்ற வேண்டும். இரண்டு, புது கியர்பாக்ஸ் பருமனானது. அதை ஒட்டிப் போகும் பிரேக் குழாயை வேறு பக்கம் கொண்டுபோக வேண்டும். மாப்பிள்ளை அட்டையை வாங்கிப் படித்தார். என் சட்டைப் பையிலிருந்து என் பேனாவையே எடுத்து, வலது பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கீழே கையெழுத்தும் போட்டார்.

"பட்டறைக்காரங்க எல்லாரும் ஒரே மாதிரி மச்சான். ஒண்ணைக் கழட்டச் சொன்னா ஒம்பதைக் கழட்டுவீங்க. சொன்னதை மட்டும் செய்ங்க."

அந்தப் பக்கத்தில் அதற்கு முன் யாரும் கோடு போட்டதில்லை. விபத்து நடந்த அன்று உங்கள் ஆய்வாளர் பட்டறைக்கு வந்து, "இது யார் பார்த்த வேலைய்யா?" என்று கேட்டார். நான் அட்டையை எடுத்து அந்தக் கோட்டைக் காட்டி, "யாரும் பார்க்கலை சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். அவர் புரிந்துகொள்வார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆறு வாரம் அந்த வண்டியில் வேலை செய்தேன். நான் ஆள் வைத்துக்கொள்வதில்லை. மற்றவன் முறுக்கிய போல்ட்டை நான் நம்ப மாட்டேன். புது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வேண்டிய வளையத்தை லேத்தில் நானே கடைந்தேன். இன்ஜின் உட்காரும் இரும்புத் தாங்கிகளை நானே வெட்டி வெல்டு வைத்தேன். சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டை அளவுக்குக் குறைத்து, ஆட்டமில்லாமல் சமன் பார்த்துப் போட்டேன். முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது பானட்டின் மேல் ஒரு நாணயத்தை நிற்க வைத்தேன். அது விழவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு மிகுந்த சந்தோஷம். இந்தச் சந்தோஷம் அந்தப் பல் டாக்டர் கையில் போய்ச் சேரப்போகிறதே என்றுதான் வயிறு எரிந்தது.

பிரேக் குழாய் சொன்ன வேலையில் இல்லை. அதனால் அதை இருந்த இடத்திலேயே விட்டேன்.

எந்த இன்ஜினும் ரப்பரின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். மெதுவாக ஓட்டினால் அது அடக்கமாக இருக்கும். ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தால் ஒரு பக்கமாகத் திமிரும். அதோடு கியர்பாக்ஸும், அதன் பின்னால் சுழலும் ஷாஃப்டின் தலையும் கொஞ்சம் நகரும். அந்தத் தலையில் நான்கு போல்ட் இருக்கிறது. நகரும்போது அந்தப் போல்ட் பிரேக் குழாயை லேசாக உரசும். காலை எடுத்தால் விலகிவிடும். ஒவ்வொரு முழு மிதிக்கும் குழாயில் ஒரு துளி இரும்பு குறையும். அடக்கமாக ஓட்டுகிறவன் அந்த வண்டியை இருபது வருடம் ஓட்டலாம், ஒன்றும் ஆகாது. பீற்றிக்கொள்கிறவனுக்கு என் கணக்கில் நூற்றைம்பதிலிருந்து இருநூறு மிதி. நான் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. எல்லாம் அவர் கால் பார்த்துக்கொள்ள வேண்டியது.

மேலே ஒரு வரி எழுதியிருக்கிறேன், அதைத் திருத்திவிடுகிறேன். குழாயை இருந்த இடத்திலேயே விட்டேன் என்றேன். விடவில்லை. இருந்த இடத்தில் அது போல்ட்டுக்கு மிக அருகில் இருந்தது. வண்டி கிளம்பியதுமே அறுந்திருக்கும், பட்டறை வாசலிலேயே நின்றிருக்கும், எனக்குத்தான் கெட்ட பெயர். அதனால் தகரத்தில் ஒரு புது கிளிப் செய்து, குழாயைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வைத்தேன். நான்கு மில்லிமீட்டர் தள்ளினால் உரசவே உரசாது. ஒன்று போதாது. இரண்டு வைத்தேன். இடைவெளி பார்க்கும் கேஜை விட்டு மூன்று முறை அளந்தேன்.

வண்டியை எடுத்த அன்றே பத்து நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். முகமெல்லாம் பல். "மச்சான், ராக்கெட் மாதிரி போகுது. கால வச்சா முதுகு சீட்ல ஒட்டிக்குது" என்றார். "வைங்க மாப்பிள்ளை, வாங்கினதே அதுக்குத்தானே" என்றேன். அதற்குப் பிறகு தினமும் காலையில் என் பட்டறையைத் தாண்டித்தான் மருத்துவமனைக்குப் போவார். வாசலில் வந்ததும் வேண்டுமென்றே ஒரு மிதி மிதித்துவிட்டுக் கையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளும் அளவுக்கு நான் சின்னப் புத்திக்காரன் இல்லை. மனதில் எண்ணிக்கொண்டேன், அவ்வளவுதான்.

தங்கை அந்த வண்டியில் ஏறமாட்டாள். சத்தத்தில் தலை வலிக்கிறது என்பாள். அவளிடம் சொந்தமாக ஒரு சின்ன வண்டி இருந்தது. ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். அவள் வாழ்நாளில் ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதித்ததில்லை. இதையெல்லாம் நான் யோசிக்காமல் இருந்திருப்பேன் என்று நினைக்காதீர்கள்.

அவர் வண்டியை எடுத்த இருபத்திரண்டாவது நாள் காலை பத்தேகாலுக்குத் தங்கையிடமிருந்து போன் வந்தது. அவளுடைய வண்டி அப்போது என் பட்டறையில் கிளட்ச் கழற்றிக் கிடந்தது.

"அண்ணா, அவருக்கு ஏதோ மாத்திரை ஒத்துக்கலை. மூஞ்சியெல்லாம் வீங்கிடுச்சு, மூச்சு விட முடியலை. ஆம்புலன்ஸ் வர அரை மணி ஆகுமாம். என் வண்டி உன்கிட்ட இருக்கு. அவரோட காரை எடுத்துட்டுப் போறேன். அதுல பிரச்சினை ஒண்ணும் இல்லல்ல?"

"சொன்ன வேலையெல்லாம் முடிச்சாச்சு" என்றேன்.

"சரிண்ணா. நீ கை வச்ச வண்டி, எனக்கென்ன பயம். வைக்கிறேன்."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எடுக்காதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். மெதுவாகப் போ என்றாவது சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மெதுவாகப் போவது அவள் சுபாவம், அதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா. முழுதாக மிதிப்பவன் பெருமைக்காகத்தான் மிதிப்பான் என்று வைத்துத்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன். பக்கத்தில் ஒரு உயிர் மூச்சுக்குத் தவிக்கும்போதும் மனிதர்கள் மிதிப்பார்கள் என்பது கணக்கில் இல்லை. அதுவும் அந்த ஆளுக்காக.

அவர்கள் வீட்டிலிருந்து இறக்கம் தொடங்கும் இடத்துக்கு ஒன்பது நிமிடம். போனை வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு அவள் வண்டியின் கிளட்ச் பிளேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது நிமிடம் திரும்பவும் பார்த்தேன். இறக்கத்தில் மேலே ஏறி வந்துகொண்டிருந்த ஆம்புலன்ஸ்காரர்கள்தான் அவர்களை முதலில் பார்த்தார்களாம். அங்கேயே மாப்பிள்ளைக்கு ஊசி போட்டு மூச்சைத் திருப்பிவிட்டார்கள்.

அடக்கம் முடிந்து இத்தனை நாளும் அவர் என் தோளில் சாய்ந்து அழுகிறார். "அந்தக் கோட்டை நான் போடாம இருந்திருந்தா" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்கிறார். நான் ஆறுதல் சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவர் அழுகையிலும் ஒரு அலட்டல் இருக்கிறது. அப்படியே விட்டிருப்பேன். உங்களைத் தேடி வந்திருக்கவே மாட்டேன்.

நேற்று மதியம் கழுத்தில் கட்டிய துணியில் ஒரு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தார். மறு கையில் உங்கள் வாகன நிபுணர் எழுதிய அறிக்கையின் நகல். நான்கு பக்கம். மூன்றாவது பக்கத்தில், 'பிரேக் குழாயின் கிளிப் இடம் மாறிக் கவனக்குறைவாகப் பொருத்தப்பட்டுள்ளது, வேலை செய்தவரின் கை தவறியிருக்கலாம், உள்நோக்கம் எதுவும் தெரியவில்லை' என்று இருந்தது.

"மச்சான், இதை மனசுல வச்சுக்காதீங்க" என்றார் மாப்பிள்ளை. "மனுஷன்னா கை தவறத்தான் செய்யும். நான்கூடத் தப்பான பல்லைப் பிடுங்கியிருக்கேன். உங்கமேல எந்தப் புகாரும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன்." பிறகு நன்றாக இருக்கும் அந்த ஒரு கையை என் தோளில் வைத்தார். என்னை மன்னித்துவிட்டார்.

இரவெல்லாம் தூக்கம் இல்லை. அந்த நிபுணர் யார், அவர் வாழ்நாளில் எத்தனை கியர்பாக்ஸ் இறக்கியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கிளிப்பைக் கையில் வைத்துப் பார்த்தும், அதன் வளைவையும் அது பிடித்திருந்த இடத்தையும் பார்த்தும், கை தவறியது என்று எழுத ஒரு மனிதன் எவ்வளவு குருடாக இருக்க வேண்டும். நாளுக்கு எட்டு மிதி என்று வைத்தால், குழாய் நூற்றெண்பது மிதியை ஒட்டி அறுந்திருக்கிறது. நான் சொன்ன கணக்குக்குள்தான்.

ஆகையால் அந்த அறிக்கையின் மூன்றாவது பக்கத்தை மாற்றி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கவனக்குறைவு என்ற சொல்லை அடித்துவிடுங்கள். கவனத்தோடு, அளந்து, தெரிந்தே செய்தது. செய்தவன் நான். வேறு எந்தத் தண்டனையைப் பற்றியும் எனக்குப் பேச்சில்லை. என் தங்கைமேல் எனக்கு ஒருபோதும் கோபம் இருந்ததில்லை. அவள் இப்போது இருந்து அந்த அறிக்கையைப் படித்திருந்தால் எனக்காக உங்களிடம் சண்டைக்கே வந்திருப்பாள், எங்கள் அண்ணனுக்கா கை தவறும் என்று.