அக்காவுக்கு ஒரு ரிலீவிங் ஆர்டர்

போலின்னு சொல்லாதீங்க முதலாளி. போலி சீல்னா அதை வச்சு ஊரை ஏமாத்தணும். நான் யாரை ஏமாத்தப் போறேன்? எங்க அக்காவை. சொந்த அக்கா. கூடப் பிறந்தவங்களை ஏமாத்தினதுக்கெல்லாம் கேஸ் போட ஆரம்பிச்சா ஜெயில்ல உட்கார இடம் இருக்காது.

இல்லல்ல, அந்த கம்ப்யூட்டரை அணைக்காதீங்க. இருக்கட்டும். முழுசா சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் முடியாதுன்னு சொல்லுங்க. எனக்கு அஞ்சு மணிதான் கெடு. அஞ்சு மணி வரைக்கும்தான் கட்டிலைப் பிடிச்சு வைப்போம்னு ஹோம்ல சொல்லிட்டாங்க. வீட்டு வாசல்ல கார் நிக்குது. அக்கா பெட்டி மேல உட்கார்ந்திருக்கு. சீல் வந்தாத்தான் எழுந்திருப்பேங்குது.

எந்த ஹோமா? மறதி நோய் வந்த பெரியவங்களை வச்சுப் பார்த்துக்கற ஹோம்தான். அக்காவுக்கு எழுபத்தாறு ஆகுது. முப்பத்திமூணு வருஷம் பொம்பளைப் பிள்ளைங்க ஹாஸ்டல்ல வார்டன். அது செருப்புச் சத்தம் கேட்டாலே நூத்தியிருபது பிள்ளைங்க புஸ்தகத்தைத் திறந்துடும். தலைகீழா பிடிச்சிருந்தாலும் படிக்கும். அப்படிப்பட்ட ஆளுக்கு இப்போ காலையில என்ன சாப்பிட்டோம்னு தெரியல. என்னையும் தெரியல. என்னை ஹெட் ஆபீஸ்லேர்ந்து வந்த கிளார்க்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. என் வீட்டுல, என் நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க கிளார்க், எவ்வளவு நேரம் நிப்பீங்க"ங்குது. நான் கிளார்க்காத்தான் இருந்தேன், முப்பது வருஷம் ஆர்டர் டைப் அடிச்சு ரிட்டையர் ஆனவன்தான், அது வேற விஷயம். ஆனா ஒரு மனுஷனுக்கு உத்தியோகம் மட்டும் போதுமா?

வார்டன் வேலை மட்டும் ஒரு புள்ளி மறக்கல, பாருங்க. அதுதான் கொடுமை. எட்டு மணியானா வெளிக்கதவைப் பூட்டி சாவியை ஒளிச்சிடும். எங்கே ஒளிச்சோம்னு அதுக்கே தெரியாது. மூணு பூட்டு உடைச்சாச்சு. பூட்டு ரிப்பேர் பண்றவர் இப்பல்லாம் நாங்க கூப்பிடாமலே எட்டிப் பார்த்துட்டுப் போறார். பக்கத்து வீட்டுல ரேடியோ பாடினா நேரா உள்ளே போய் நிறுத்திட்டு, படிக்கிற நேரத்துல என்ன கூத்துன்னு கேட்டுட்டு வரும். அந்த வீட்டுக்காரருக்கு அம்பத்தஞ்சு வயசு, கையைக் கட்டிக்கிட்டு நின்னிருக்கார்.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். போன மாசம் ஒரு மத்தியானம், வீட்டம்மா துணி காயப்போட மாடிக்குப் போன நேரம் பார்த்து, ரெண்டு பிள்ளை குறையுதுன்னு தேடிக்கிட்டு அக்கா மெயின் ரோட்டுக்கே போயிடுச்சு. நடுரோட்டுல நின்னு பஸ்ஸை நிறுத்தி, உள்ளே ஏறி, ஒவ்வொரு தலையா எண்ணியிருக்கு. அந்த டிரைவர் நல்ல மனுஷன், எண்ணி முடிக்கற வரைக்கும் வண்டியை எடுக்கல. எல்லா டிரைவரும் அப்படியா இருப்பாங்க? அன்னிக்கு எங்க வீட்டம்மா சமையக்கட்டுல தரையில உட்கார்ந்து அழுதா. "எனக்கும் வயசாகுது, ரெண்டு கண்ணை வச்சுக்கிட்டு நான் எத்தனை கதவைப் பார்ப்பேன்"னா. நியாயம்தானே.

சரின்னு ஹோம் தேடக் கிளம்பினேன். அதை ஏன் கேட்கறீங்க...

முதல் ஹோம்ல பெரியவங்களைப் பச்சைக்குழந்தை மாதிரி கொஞ்சறாங்க. "செல்லம் மாத்திரை போட்டுக்குமாம், தங்கம் சமத்தாம்." ஒரு பெரியவர், கோர்ட்டுல நீதிபதியா இருந்தவராம், அவர் கன்னத்தைக் கிள்ளறாங்க. எங்க அக்கா கன்னத்தைக் கிள்ளினா கிள்ளினவளுக்கு விரல் மிஞ்சாது. வேண்டாம்னு வந்துட்டேன். ரெண்டாவது ஹோம் நோட்டீஸ்ல அழகா ஒரு தோட்டம் போட்டிருந்தான். போய்ப் பார்த்தா அது சுவத்துல ஒட்டின படம். "அவங்களுக்கு வித்தியாசம் தெரியாதுங்க"ன்னான். எனக்குத் தெரியுதேடா.

மூணாவது ஹோம்ல கதவைத் திறந்ததும் ஃபினாயில் வாடை ஆளைத் தூக்குது. சுத்தமான இடத்துல ஒரு வாடையும் இருக்காது முதலாளி, அவ்வளவு ஊத்தறான்னா எதையோ அமுக்கறான்னு அர்த்தம். மேனேஜர் கழுவற மீன்ல நழுவற மீன். ராத்திரி ட்யூட்டிக்கு எத்தனை பேருன்னு கேட்டேன். "எங்ககிட்ட அன்பு இருக்கு சார்"ங்கறார். அன்பு எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும்னு கேட்டேன்.

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், ஞாபகம் வச்சுக்கோங்க. பெத்தவங்க இருக்காங்கல்ல? ஹோம் பார்க்கப் போனா பில்டிங்கைப் பார்க்காதீங்க, அங்கே இருக்கறவங்க விரல் நகத்தைப் பாருங்க. நகம் ஒழுங்கா வெட்டியிருந்தா, யாரோ ஒருத்தர் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பொறுமையா உட்கார்ந்திருக்காங்கன்னு அர்த்தம். நாலாவது ஹோம்ல அத்தனை பேருக்கும் நகம் வெட்டியிருந்துச்சு. அங்கே பொறுப்புல இருக்கற அம்மா அதிகம் பேசல. ராத்திரிக்கு நாலு பேர், ஒருத்தர் லீவுன்னா நானே வருவேன், அவ்வளவுதான் சொன்னாங்க. எனக்குப் பிடிச்சுப்போச்சு.

அக்காவுக்குப் பிடிக்கணுமே. "அங்கே எனக்கென்ன வேலை? எல்லாரும் வயசானவங்களா இருக்காங்க"ன்னுடுச்சு. கெஞ்சியாச்சு, கொஞ்சியாச்சு. அசையல. அப்பதான் எனக்கு அந்தப் பாழாப்போன யோசனை வந்துச்சு. வீட்டம்மா அப்பவே வேண்டாம்னா. நான் கேட்டேனா? வேலியில போற ஓணானை எடுத்துக் காதுல விட்டுக்கிட்ட கதைதான். ராவோட ராவா உட்கார்ந்து ஒரு நியமன ஆணை டைப் அடிச்சேன். புது ஹாஸ்டலுக்கு உங்களை வார்டனா போட்டிருக்குன்னு. பொருள், பார்வை, நகல், கோப்பு எண், ஒண்ணு விடல. நம்ம தொழில் சுத்தம் அப்படி.

அக்கா கண்ணாடியைப் போட்டு மூணு தடவை படிச்சுது. நெஞ்சு நிமிர்ந்துடுச்சு முதலாளி. ரெண்டு வருஷமா கூனிக்கிட்டிருந்த முதுகு. "சரி கிளார்க். போய் சார்ஜ் எடுத்துக்கறேன். இருப்புப் பட்டியலைத் தயார் பண்ணச் சொல்லுங்க"ன்னுது. இருப்புப் பட்டியலை நான் யோசிக்கவே இல்லை.

ஹோமுக்குக் கூட்டிட்டுப் போனேன். நேரா அந்த அம்மாகிட்ட, "கட்டில் எத்தனை, தலையணை எத்தனை, பக்கெட் எத்தனை, ரெஜிஸ்டரை எடுங்க"ன்னுது. அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க, அப்புறம் ஒரு நோட்டை எடுத்துக் குடுத்தாங்க. ரெண்டு மணி நேரம் எண்ணுச்சு அக்கா. அங்கே இருந்த பாட்டிங்கள்லாம் தலையணையைக் கையில பிடிச்சுக்கிட்டு வரிசையா நிக்கறாங்க. கடைசியில பக்கெட் இடிக்குது. நோட்டுல நாப்பது, எண்ணினா நாப்பத்தொண்ணு. கையெழுத்துப் போட மாட்டேன்னுடுச்சு. குறைஞ்சா திருட்டு, கூடினா அதைவிடப் பெரிய திருட்டாம். நான் வியர்த்து நிக்கறேன். அந்த அம்மா, "மறுபடி ஒரு தடவை எண்ணிப் பார்த்துடலாங்களா மேடம்"னு கேட்டுட்டு, அக்கா அந்தப் பக்கம் திரும்பினதும் ஒரு பக்கெட்டை எடுத்து மாடிப்படிக்குக் கீழே தள்ளிட்டாங்க. நாப்பது. சரியாப்போச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன். என் அக்காவுக்காக ஒரு பக்கெட்டை ஒளிக்கத் தெரிஞ்ச இடம்தான் என் அக்காவுக்கான இடம்.

முடிஞ்சுதுன்னு நினைச்சீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன். "ரிலீவிங் ஆர்டர் எங்கே கிளார்க்? பழைய இடத்துல விடுவிச்சாத்தானே புது இடத்துல சேர முடியும்? இது தெரியாமலா ஆபீஸ்ல இருக்கீங்க"ன்னுடுச்சு. பழைய இடம் எதுங்க மேடம்னு கேட்டேன். ஆமாம், மேடம்தான், என்ன பண்ணச் சொல்றீங்க. "இதுதான், இந்த வீடுதான்"னுது. "எங்க அம்மா போனதுலேர்ந்து இங்கே என் தம்பி ஒருத்தன் என் பொறுப்புல இருக்கான். அவனை யார்கிட்டயாவது ஒப்படைக்காம நான் எப்படிக் கிளம்பறது? வரச் சொல்லுங்க, அவனுக்கும் பட்டியல் எழுதித் தர்றேன்."

எழுதியும் குடுத்துச்சு முதலாளி. அதோ, பையிலதான் இருக்கு. இருங்க... இது. கையெழுத்தைப் பாருங்க, இன்னும் முத்து மாதிரி. "தம்பி, ஒருவன். மாத்திரை விழுங்கத் தெரியாது, பொடி செய்து கொடுக்கவும். இடி இடித்தால் பக்கத்தில் ஆள் வேண்டும், கேட்க மாட்டான், தானாகப் போய் உட்காரவும். பொய் சொல்லும்போது காது மடலைத் தடவுவான். கோபித்தால் சாப்பிடாமல் இருப்பான், இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடக் கூடாது, மூடி வைத்துவிட்டு வரவும்." எனக்கு அறுபத்தொண்ணு ஆகுது. என் முகம் ஞாபகமில்லை, ஆனா நான் எத்தனை தடவை கூப்பிட்டா சாப்பிட வருவேன்னு ஞாபகம் இருக்கு. நான் குளிக்கற ரூம்ல போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். சொல்றதுக்கு என்ன வெட்கம்.

வீட்டம்மாதான் அந்தப் பேப்பரை வாங்கிப் படிச்சுட்டு அடியில கையெழுத்துப் போட்டா. என்ன எழுதியிருக்கா பாருங்க. "பழுதடைந்த நிலையில் பெற்றுக்கொண்டேன்." பாருங்க முதலாளி, முப்பத்தஞ்சு வருஷம் குப்பை கொட்டினதுக்குக் கிடைச்ச சர்டிபிகேட்.

ஆமாங்க, அந்த ரிலீவிங் ஆர்டருக்குத்தான் சீல். "விடுதிக் கண்காணிப்பாளர்"னு வட்டமா, நடுவுல ஒரு நட்சத்திரம். கம்ப்யூட்டர்ல அடிச்சுட்டீங்களா? காட்டுங்க... நல்லா வந்திருக்கு. தப்பே இல்லை.

தப்பே இல்லையே.

பிடிக்கலையான்னா கேட்கறீங்க? அப்படின்னு இல்லை. அழகாத்தான் இருக்கு. எப்படிச் சொல்றது... முதலாளி, கார் இன்னிக்குத்தான் வந்திருக்குன்னு நினைக்காதீங்க. இது மூணாவது தடவை. போன வாரம் வந்தப்போ ரிலீவிங் ஆர்டர்ல தேதி தப்பு. அக்கா திருப்பிக் குடுத்துடுச்சு, கார் காலியாப் போச்சு. அதுக்கு முந்தின வாரம் கோப்பு எண் விட்டுப்போச்சு. இன்னிக்கு சீல் இல்லை. முப்பது வருஷம் ஆர்டர் அடிச்சவனுக்கு ஆர்டர்ல சீல் வேணும்னு தெரியாதா? வீட்டுல கேட்டா மறந்துட்டேன்னு சொன்னேன். சொல்லும்போது காதைத் தடவியிருப்பேன் போல, வீட்டம்மா உத்துப் பார்த்தா. "அஞ்சு மணி வரைக்கும் பார்க்கறேன்"னு மட்டும் சொல்லிட்டு அக்கா பக்கத்துல போய் உட்கார்ந்துட்டா. பக்கத்துத் தெருவுலயே சீல் கடை இருக்கு. நான் இவ்வளவு தூரம் உங்க கடைக்கு நடந்து வந்திருக்கேன்.

அதனால ஒரு சின்ன மாத்தம். கண்காணிப்பாளர்ல அந்த மூணு சுழி "ணி" இருக்குல்ல... அதை ரெண்டு சுழி "னி"யா ஆக்கிடுங்க.

தப்புன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கேட்கறேன். ஹாஸ்டல்ல பிள்ளைங்க லீவு லெட்டர்ல ஒரு சுழி மாறினாலும் அக்கா லீவு குடுக்காது. இதையும் பார்க்கும். பார்த்துட்டு, "என்ன கிளார்க், நீங்கள்லாம் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க"ன்னு மூஞ்சியில விட்டெறிஞ்சா, கட்டில் போனாலும் போகட்டும், கார்காரரை அனுப்பிடுவேன். வீட்டம்மா கால்ல விழுந்தாவது இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கறேன்.

பார்க்கலேன்னா?

அந்த ரெண்டு சுழியைக் கவனிக்காம பெட்டியிலேர்ந்து எழுந்துச்சுன்னா, நானே கார் கதவைத் திறந்து விடறேன் முதலாளி. நீங்க மாத்துங்க. மணி நாலரை ஆகுது.