பின்லாந்துல போய் பாத்துக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில்

ஐயாவு: கைய எடு. எடை மிஷின்ல நீயும் சேந்து நிக்கிற.

அம்சம்: நான் எங்க நிக்கிறேன்? பெட்டி சாயுதேன்னு புடிச்சிக்கிட்டேன்.

ஐயாவு: நெல்லு மூட்டையே சாயாம நின்ன மிஷினு. விடு... இருபத்தஞ்சு நானூறு.

அம்சம்: ஏரோப்ளேன்ல எவ்ளோ விடுவாங்க?

ஐயாவு: இருபத்துமூணு. ஏஜெண்ட்டு நல்லக்கண்ணு நூறு தடவ சொல்லிட்டாரு. எதையாவது எறக்கு.

அம்சம்: எத எறக்குறது? சுக்கு வேணும், பூண்டு வேணும், பிள்ள பெத்தோன்ன குடுக்க மருந்துப்பொடி வேணும். அந்த ஊரு ரொட்டியக் குடுத்து ஒங்க மவளத் தேத்தச் சொல்றீங்களா?

ஐயாவு: அடியில ஒண்ணு நாறுது பாரு, அத எடு.

அம்சம்: நெத்திலிக் கருவாடு. எம்புள்ள வாயத் தொறந்து கேட்டுச்சி.

ஐயாவு: எறங்குனோன்ன போலீஸ் நாய் நேரா ஒங்கிட்டதான் வரும்.

அம்சம்: வரட்டும், அதுக்கும் ரெண்டு போடுறேன். நீங்க பெட்டிய விடுங்க, நான் எறக்குறேன்.

ஐயாவு: மூட்ட மூட்டையா சொமந்தவன்டி நான். இந்த டப்பாவ...

அம்சம்: பாத்து... ஏங்க? நெஞ்சப் புடிக்கிறீங்க, மறுபடியுமா? ஒக்காருங்க... செவுத்துல சாஞ்சுக்குங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

ஐயாவு: கத்தாத. பக்கத்து ஊட்டுல கேக்கும்.

அம்சம்: தை மாசப் பனியில இப்புடி வேக்குது! முந்தாநாளு வரப்புல ஒக்காந்துட்டீங்க. நேத்து சோறு திங்கையில. இன்னைக்கி இது.

ஐயாவு: வாயு.

அம்சம்: வாயுன்னா எடது கை ஏன் மரத்துப்போவுது? எழுந்திரிங்க, தஞ்சாவூரு போயி ஒரு ஈசிஜி எடுத்துட்டு வந்துரலாம். பஸ்ஸுல முக்கா மணி நேரம்.

ஐயாவு: எடுத்தா?

அம்சம்: எடுத்தா தெரியும்ல.

ஐயாவு: அதான் சொல்றேன். தெரிஞ்சா? விசாவுக்குன்னு இன்சூரன்ஸ் பாரத்துல என்ன எழுதிக் குடுத்தோம்?

அம்சம்: என்ன எழுதுனோம்...

ஐயாவு: சக்கர இல்ல, பிரஷர் இல்ல, நெஞ்சுவலி இல்ல. கீழ கையெழுத்து போட்டுருக்கேன்.

அம்சம்: அப்ப இல்லதானே? பொய்யா சொன்னோம்?

ஐயாவு: இப்ப வந்துருச்சில்ல. நம்ம தெரு பகலவன் கண்ணு ஆபரேஷனுக்குப் போனான். சீட்டு போடுற எடத்துலயே ஆதார் நம்பர வாங்கித் தட்டுறாங்களாம். எல்லாம் உள்ள ஏறிடுது, அம்சம்.

அம்சம்: எதுக்குள்ள?

ஐயாவு: ஆதாருக்குள்ள. ஏர்போர்ட்டுல நம்ம பாஸ்போர்ட்ட வச்சோன்ன டீவியில ஓடும். 'இந்தாளுக்கு நெஞ்சுல கோளாறு'ன்னு. நீ அந்தப் பக்கம் போவ, நான் இந்தப் பக்கம் கருவாட்ட வச்சிக்கிட்டு நிப்பேன்.

அம்சம்: சிரிக்காதீங்க. ஒங்களுக்கு மூச்சு வாங்குது.

ஐயாவு: சும்மா கேளு. ஒன்னால தனியா போவ முடியுமா?

அம்சம்: தனியாவா? எனக்கு இங்கிலீஷ்ல எங் கையெழுத்தே தெரியாது.

ஐயாவு: அப்ப? மொதல் தடவ கரு கலைஞ்சப்ப நம்ம பாப்பா தனியாக் கெடந்துச்சு. பத்து நாள் கழிச்சித்தான் நமக்கே தெரிஞ்சிது. இந்தத் தடவையும் அப்புடிக் கெடக்கணுமா?

அம்சம்: அதச் சொல்லாதீங்க.

ஐயாவு: நாளைக்கி அறுப்பு மெஷின் வருது. நெல்ல மூட்ட கட்டி அனுப்பிட்டா சனிக்கிழம ஏரோப்ளேன். பின்லாந்துல போய் பாத்துக்கலாம். மாப்பிள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கி கூட்டிட்டுப் போவாரு. அங்க ஆதார் கேக்க மாட்டான்.

அம்சம்: எனக்குப் பயமா இருக்குங்க.

ஐயாவு: ஏரோப்ளேனுக்கா?

அம்சம்: எல்லாத்துக்கும்.

ஐயாவு: எனக்கு அந்தக் குளிருக்குத்தான் பயம். சரி, நெத்திலிய எறக்கு. பாப்பாட்ட நான் சொல்லிக்கிறேன்.

*

அன்று சாயங்காலம், போனில்

தமிழ்நிலா: அப்பா, போன தூரமா புடிங்க. மூக்கு மட்டுந்தான் தெரியுது.

ஐயாவு: இந்த மூக்குதான் ஒனக்கும். நல்லாப் பாத்துக்க.

அம்சம்: என்ன தாயி, மொகம் இப்புடி ஊதியிருக்கு?

தமிழ்நிலா: மாசமா இருந்தா ஊதாதா? நீ சும்மா இரும்மா. ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டீங்களா? இன்னைக்கி மைனஸ் பதினெட்டு.

ஐயாவு: பதினெட்டா? தண்ணி ஒறையிறதுக்கும் கீழயா?

தமிழ்நிலா: ஏரியே ஒறஞ்சி கெடக்குப்பா. அதுக்கு மேல கார் ஓட்டுறாங்க.

ஐயாவு: நான் நடக்க மாட்டேன் சாமி. உள்ள போனா எடுக்க ஆளு வராது.

தமிழ்நிலா: நாலு மணிக்கே இருட்டிடும். பயந்துடாதீங்க.

அம்சம்: அது யாரு ஊடு தாயி? பின்னாடி பச்சத் தெரை தொங்குது. ஒங்க ஊட்டுல அப்புடி இல்லியே.

தமிழ்நிலா: அது... பிரண்டு வீடும்மா. சாப்புட வந்தோம்.

அம்சம்: மாப்பிள்ள எங்க?

தமிழ்நிலா: நெடுமாறன் வெளிய போயிருக்காரு. அப்பா, ஏன் அடிக்கடி நெஞ்சத் தேய்க்கிறீங்க?

ஐயாவு: சட்டப் பட்டன் போயிருச்சி.

தமிழ்நிலா: பட்டன் இருக்கே. எனக்குத் தெரியுது.

அம்சம்: பெட்டி தூக்குனாங்க தாயி. சுளுக்கு. தைலம் தேச்சி விட்ருக்கேன்.

தமிழ்நிலா: சத்தியமா?

ஐயாவு: ஒங்கம்மா என்னைக்கிப் பொய் சொல்லிருக்கா?

தமிழ்நிலா: அப்பா... எப்படியாவது வந்துருங்கப்பா. எனக்கு இந்தத் தடவ ரொம்பப் பயமா இருக்கு.

ஐயாவு: வராம? சனிக்கிழம ஏறுறோம், ஞாயித்துக்கிழம ஒன் மொகத்துல முழிக்கிறோம். போதுமா?

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பின்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அறை

தமிழ்நிலா: அம்மா! தனியா வந்துட்டியேம்மா... எப்புடிம்மா வந்த?

அம்சம்: கழுத்துல ஒரு அட்டைய மாட்டி விட்டாங்க. அதக் காட்டிக் காட்டி வந்தேன். எம்புள்ள எங்க? பேரப்புள்ள எங்க?

தமிழ்நிலா: இந்தா, இங்க. மெதுவா. தலையப் புடி.

அம்சம்: எனக்கே சொல்லித் தரியா? ராசாத்தி... எவ்ளோ முடி பாரு. வெயிட்டு என்ன?

தமிழ்நிலா: ரெண்டு கிலோ நூறு. சீக்கிரமே எடுத்துட்டாங்க. அம்மா, ஒண்ணு சொன்னா திட்டாத. நான் பத்து நாளா இங்கதான் இருக்கேன். பிரஷர் எறங்கவே இல்ல. அன்னைக்கிப் பேசுனேன்ல, அது பிரண்டு வீடு இல்ல.

அம்சம்: தெரியும். கையில ஆஸ்பத்திரிப் பட்டை கட்டியிருந்துச்சி.

தமிழ்நிலா: தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?

அம்சம்: கேட்டா ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சிரும்னு கேக்கல.

தமிழ்நிலா: நானும் அதுக்குத்தான் மறைச்சேன். அப்பா பயந்துருவாங்க. அறுப்பு இன்னுமா முடியல?

அம்சம்: மெஷின் ஒரு நாள் பிந்தி வந்துச்சி.

தமிழ்நிலா: அதுக்குன்னு டிக்கெட்ட விட்டுட்டு நிப்பாங்களா? அந்த ஆறு மா நெலத்து நெல்ல விட நான் கொறஞ்சி போயிட்டனா? அப்பா போன் வேற சேத்துல விழுந்துருச்சின்ற. சித்தப்பா ஊட்டு பரிதிக்கிப் போட்டா அவன் எடுக்கவே மாட்றான்.

அம்சம்: புள்ள சிணுங்குது. பசிக்கிதோ என்னமோ.

தமிழ்நிலா: இப்பத்தான் குடிச்சா. அம்மா, இங்க பாரு. நெடுமாறன் ஏன் உள்ள வர மாட்றாரு?

அம்சம்: கார நிறுத்திட்டு வருவாரு.

தமிழ்நிலா: கதவுக்கு வெளியதான் நிக்கிறாரு, கண்ணாடில தெரியுது. அழுவுறாரும்மா. நாலஞ்சு நாளா என் மூஞ்சியப் பாத்தே பேச மாட்றாரு. பாப்பாவுக்கு ஏதாவதா? டாக்டர் ஏதாவது சொன்னாங்களா? எங்கிட்ட மறைக்காதீங்க.

அம்சம்: ஐயோ, இல்ல. புள்ள நல்லாருக்கா. சாமி மேல சத்தியமா நல்லாருக்கா.

தமிழ்நிலா: அப்ப என்ன?

அம்சம்: ஒனக்குப் பிரஷர் எறங்குச்சா? டாக்டரு என்ன சொன்னாங்க?

தமிழ்நிலா: எறங்கிருச்சு. ஏன் அத இப்பக் கேக்குற?

அம்சம்: சும்மாதான்...

தமிழ்நிலா: அம்மா. சுத்தி வளைக்காத. பாப்பாவ எங்கிட்டக் குடு.

அம்சம்: இந்தா... நெஞ்சோட அணச்சிக்க.

தமிழ்நிலா: இப்பச் சொல்லு. அப்பா எங்க?

அம்சம்: செவ்வாக்கிழம விடியக்காலையில போயிட்டாங்க தாயி. களத்துல, மூட்டைக்கிப் பக்கத்துலயே. மெஷினு திங்கக்கிழமையே வந்துருச்சி, பிந்துச்சின்னது பொய்யி. பரிதிதான் கொள்ளி வச்சான். ஒனக்குப் புள்ள பொறந்து, பிரஷர் எறங்குற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு மாப்பிள்ளகிட்டச் சத்தியம் வாங்குனேன்... அவரக் கோச்சிக்காத. கருமாதிக்கி முன்னாடி வாசப்படி தாண்டக் கூடாதுன்னு ஊரே சொன்னிச்சி, நான் தாண்டி வந்துட்டேன். இன்னும் ஒண்ணு இருக்கு. இத மாப்பிள்ளகிட்டக் கூடச் சொல்லல. திங்கக்கிழம காலையில அவங்களே கேட்டாங்க. 'அம்சம், என்னால முடியல. தஞ்சாவூருக்குப் போயிட்டு வந்துருவோமா'ன்னு. சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு நின்னாங்க. நீ பச்சத் தெரைக்கி முன்னாடி ஒக்காந்துருந்தது எங் கண்ணுலயே இருந்துச்சி... 'இன்னும் அஞ்சு நாள்தானே, அங்க போய் பாத்துக்கலாங்க'ன்னேன். சரின்னு சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டாங்க. அவங்க பாஸ்போர்ட்டையும் நாந்தான் எடுத்துட்டு வந்துருக்கேன், எதுக்குன்னு தெரியல. ஏரோப்ளேன்ல பக்கத்துல இருந்த பொண்ணு வாங்கிப் படிச்சிச் சொல்லுச்சி. ஏப்ரல் பத்தாம் தேதி வரைக்கும் விசா இருக்காம்.