கீழ்த்தட்டில் இயேசு

விருத்தாசலத்தில், எஸ்.டி.டி. பூத்தை ஒட்டிய பீங்கான் பொம்மைக் கடையில் ஊறுகாய் ஜாடி வாங்கக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற, பார்த்தால் டீச்சர் மாதிரி இருந்த ஒரு அம்மா கடைக்காரரிடம் கேட்டார். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

“ஏங்க, இயேசுவ எதுக்குக் கீழ்த்தட்டுல வச்சிருக்கீங்க?”

“மேல்தட்டு சாமிங்களுக்குங்க. கீழ்த்தட்டு தலைவருங்களுக்கு. அவரு ரொம்ப நல்ல மனுஷருன்னு கேள்வி.”

“வெறும் மனுஷரு இல்லீங்க, கடவுள். பைபிள்லயே சாட்சி இருக்குது. தோமையாருன்னு ஒரு சீடரு. சிலுவையில செத்த இயேசு உயிரோட எழுந்தாருன்னு சொன்னப்ப நம்பவே இல்ல. நேர்ல காயத்தப் பார்த்ததும், அவரையே கடவுளேன்னு கூப்பிட்டாரு.”

“பயந்தா நானுந்தான் ‘சாமி’ன்னு கத்துவேன்.”

“அப்படின்னா, நான் கடவுள் இல்லப்பான்னு இயேசு திருத்தியிருப்பாருல்ல? திருத்தலியே!”

“என்னைக்கூட ஊர்ல இன்ஜினீயருன்னு கூப்பிடுறாங்க. நானும் திருத்தலீங்க.”

“நீங்க சும்மா இருந்துடுவீங்க. அவரு பொய்ய ஒத்துக்க மாட்டாரு.”

கடைக்காரர் குனிந்து இயேசு பொம்மையைக் கையில் எடுத்தார்.

“அது வாஸ்தவந்தாங்க.”

ஸ்டூல் மேல் ஏறி, முருகனையும் பிள்ளையாரையும் நகர்த்தி, நடுவில் இயேசுவை வைத்தார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்து, உடனே வாடியது.

“அங்க வேணாங்க, தனியா வைங்க. அவரு ஒருத்தருதான் கடவுள்.”

ஸ்டூலில் நின்றபடியே கடைக்காரர் தட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மெதுவா சொல்லுங்கம்மா. எல்லாரும் இங்கதான் இருக்காங்க.”