ரப்பர் கட்டின பட்டன்

இழுக்காதீங்க தலைவரே. இழுக்க இழுக்க கையைக் கட்டின கம்பி சதைக்குள்ள எறங்கும். கையை அப்படியே கீழ் அச்சு மேல வெச்சுக்குங்க. மெஷின் ஓடிட்டுதான் இருக்கு, ஆனா நான் பட்டன அமுக்காம மேல் அச்சு எறங்காது. பிரஸ் பட்டறைக்காரங்க சங்கத்துக்கே தலைவர், உங்களுக்குத் தெரியாததா?

டிரைவரா? டீ குடிச்சுட்டு வான்னு அனுப்பிட்டேன். கத்துங்க, பரவால்ல. இந்தச் சத்தத்துல பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்காது.

கோர்ட்டுக்கு நேரமாச்சுதான். ஆனா நான் இல்லாம எப்படி? முதல் மனுதாரரே நான்தானே. உங்க வக்கீல் மூளையே மூளை. அரசாங்கம் புதுச் சட்டம் போட்டுருச்சு, பட்டறைல யாருக்கு அடிபட்டாலும் எழுதி வைக்கணும், எந்த மெஷினு, எதனாலன்னு. முந்நூறு ஆள வேலைக்கு வெச்சிருக்கற நீங்க அதை எதுத்து கோர்ட்டுக்குப் போய் எழுத முடியாதுன்னா ஜட்ஜ் சிரிச்சுருவாரு. அதனால ஒரே மெஷின வெச்சுக்கிட்டு புருஷனும் பொண்டாட்டியுமா மல்லுக்கட்டற என்னைப் புடிச்சீங்க. ஐயா, வேலை பாக்கவா, எழுதிட்டு உக்காரவான்னு நான் அழணும். இருக்கற சட்டையே பழசு, அது பத்தாதுன்னு கிழிஞ்ச சட்டை வேற வாங்கிக் குடுத்தாரு வக்கீலு. காசு குடுத்துக் கிழிசல் வாங்கின மனுஷன அன்னிக்குத்தான் பாத்தேன்.

இந்தப் பட்டறைல இதுவரைக்கும் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லன்னு மனுவுல போட்டீங்க. அன்னிக்கு அது நெசந்தான்.

தோ, இந்தப் பட்டனப் பாருங்க. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அமுக்கினாத்தான் அச்சு எறங்கும். உள்ள கை இருந்துறக் கூடாதுன்னுதான் மெஷின் செஞ்சவன் அப்படி வெச்சான். உங்க கம்பெனிக்குத் தகர மூடி பத்தலன்னு வந்து நின்னு சத்தம் போட்டீங்க. ஒரு பட்டன ரப்பர் போட்டுக் கட்டுடா, ஒரு கை மிச்சமாவும்னீங்க. நீங்களே கட்டியும் விட்டீங்க. நல்ல முடிச்சு. இன்னும் அவுக்கல.

என் பொண்டாட்டி வலது கையால அமுக்குவா, இடது கையால மூடிய எடுப்பா. மெஷின் முன்னால உக்கார்றதுக்கு முன்னாடி வளையலக் கழட்டி ஒரு மூடியில போட்டுருவா, எதுலயும் மாட்டிக்கக் கூடாதுன்னு. சாயங்காலம் நான் மாட்டி விடுவேன். அவ்வளவு கவனம். அன்னிக்கு இடது கைதான் கொஞ்சம் பிந்திருச்சு.

மணிக்கட்டு வரைக்கும் நசுங்கித் தகடாயிருச்சு. எலும்புன்னு தனியா ஒண்ணும் இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா எழுதிருவாங்க, கேஸ் நிக்காதுன்னீங்க. உங்க மச்சான் மருந்துக்கடைக்குப் பின்னால வெச்சு, கத்திரியால மிச்சத்தை வெட்டுனாரு. வாயில துணி. தோளை நான்தான் அமுக்கிப் புடிச்சுக்கிட்டேன். சட்டத்துக்கு ஸ்டே வாங்கற வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுன்னு போன்ல சொன்னீங்க. பொறுத்துக்கிட்டா. முழங்கை வரைக்கும் கறுத்துச்சு, பொறுத்துக்கிட்டா. தோள் வரைக்கும் ஏறுச்சு. நீங்க மாத்திரை குடுத்தனுப்புனீங்க.

அடடா, வேட்டிய நனைச்சுக்கிட்டீங்களா. விடுங்க. அவளுக்கும் அப்படித்தான் ஆச்சு.

இல்லங்க, கோர்ட்டுக்கு வரமாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே. இங்க வேலை முடியட்டும், சேந்தே போலாம். நீங்க ஜட்ஜுக்குக் கையக் காட்டுங்க, நான் பேசிக்கறேன். எழுதிக்கட்டும்.

அவகிட்ட மன்னிப்புக் கேக்கணுமா? உள்ளதான் படுத்திருக்கா. பதில்தான் வராது. இன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே போய்ட்டா.

கொஞ்சம் விரல நீட்டுங்க. மோதிரம் இறுகிப் போயிருக்கே. இருங்க, சொட்டு எண்ணெ விடறேன். ஆங், வந்துருச்சு. இந்த மூடியிலயே போட்டு வைக்கறேன், அவ வளையலோட.