இராயப்புவின் நாக்கு

— கிண்ணங்களை மாத்திடாதீங்க இராயப்பு அண்ணன். அந்தந்தப் போத்தலுக்கு முன்னால அதது இரிக்கட்டும்.

— தவசு காலத்தில ஜின் போத்தலோட வீடு தேடி வாற பொம்புளைய இண்டைக்கித்தான் காணுறன் இமெல்டா. அதுவும் கறுப்புச் சீலையோட. கோயிலுக்குப் போய்த்தா வாறாய்?

— ஓம். பங்குச் சுவாமியக் கண்டு கதைச்சிப்போட்டு வாறன்.

— இதெல்லாம் றோய் வீட்டில வச்சிருந்ததா?

— அவர் கொண்டந்த போத்தல்தான். பட்டாளத்து ஐயா ஒருத்தர் வாங்குவாராம். எதுக்கு என்ன விலை சொல்லலாமெண்டு எனக்கென்ன தெரியும்? கிளப்பில பெரிய பட்லர் நீங்கதானே.

— என்னில உனக்குக் கோவம் இல்லையா புள்ள? உன்ர புருசன் றோய் மறியல்ல கம்பிக்குப் பின்னால கிடக்கிறது என்ர சாட்சியாலதான்.

— நீங்க அறிஞ்சதைத்தானே சொன்னீங்க. குடிச்சிப் பாருங்க அண்ணன்.

— குடிக்கிறது வேற, ருசி பாக்கிறது வேற. ருசி பாத்தா தவசு முறியாது. இஞ்ச தா, முதல்ல கப்பல் மார்க். ம்... இதுதான் சாமான். நுனி நாக்கில எலுமிச்சந்தோல், இறங்கக்குள்ள குளிர்ச்சி. ஜெர்மன் சண்டைக்கு முந்தி ஆறு ரூபா. இப்ப கப்பலே வாறல்ல, இருபதுக்குக் கீழ குடுத்திடாத.

— மத்தது?

— கல்லுச் சாடி. ஒல்லாந்துச் சரக்கு. ஆ... தடிப்பு. வறுத்த நெல்லு மணக்கும். பறங்கித் தெருக் கிழவன்மாருக்கு இதில்லாட்டி நத்தார்ப் பண்டிகை இல்ல. பதினாலு சொல்லு, பன்னெண்டுக்கு இறங்கு.

— கடைசிப் போத்தல்?

— சேவல் மார்க்கா? இதுக்கு நாக்கே தேவையில்ல, பேரே போதும். தூ. தொண்டையக் கீறுது. எட்டு ரூபா கேட்டாலே ஆள் சிரிக்கும்.

— நல்லாப் பாத்தீங்களா அண்ணன்?

— இருபத்திரண்டு வருசம் புள்ள. துரைமார் மாறினாங்க, கிளப்பிட கூரை ரெண்டு தரம் மாறிச்சி. இராயப்புட நாக்கு பொய் சொல்லாது.

— கிளப்பில அண்டைக்கி உடைச்ச பெட்டியும் கப்பல் மார்க்தானே? கொழும்பில இருந்து அந்தப் புது யாவாரி கொண்டந்தது?

— ஓம். புதுப் பெட்டி உடைச்சா நான் நக்கிப் பாத்து 'சரி' எண்டாத்தான் றோய் மேசைக்கு ஊத்துவான். அது கிளப்பிட முறை. நான் பாக்கக்குள்ள சுத்தமா இருந்திச்சி. மறுகா அவன்ட கைக்குப் போய்த்துது.

— மறுகா ரெண்டு துரைமார் கண் தெரியாமப் போய்ச் செத்தாங்க.

— நான் அவன் நஞ்சு கலந்ததைக் கண்டனெண்டு ஒரு நாளும் சொல்லல்ல. நாக்கு சொன்னதைச் சொன்னன். அதுக்கு மேல பொலிசு பாத்துக்கொண்டது.

— அண்டைக்கும் எலுமிச்சந்தோல் மணந்திச்சா?

— மணந்திச்சி. விசாரணையிலயும் அப்படித்தான் சொன்னன்.

— மூணு போத்தலுக்குள்ளயும் ஒரே சாமான் அண்ணன்.

— என்ன?

— கடையில வாங்கின ஒரு போத்தல் சேவல் மார்க். அதைத்தான் மூணாப் பிரிச்சி ஊத்தினன். மத்த ரெண்டும் அவர் கிளப்பில இருந்து கொண்டந்த வெறும் போத்தல்.

— பகிடியா விடுறாய்? என்ர வீட்டுக்குள்ள வந்து என்னையே ஏமாத்துறியா?

— உங்கட நாக்கை ஏமாத்த ஏலாதெண்டு ஊரே சொல்லுதே.

— சத்தம் போடாத. அந்தக் கதவைச் சாத்து.

— சாத்திட்டன். சொல்லுங்க.

— போன மாரியில மலேரியாக் காய்ச்சலோட ஒரு மாசம் படுத்திருந்தன், தெரியுந்தானே? ஒழும்பினாப் பிறகு மணமும் இல்ல, ருசியும் இல்ல. சோத்துக் கறிக்கு உப்பிரிக்கா எண்டு பொஞ்சாதிட முகத்தைப் பாத்துத்தான் விளங்கிக்கொள்றன். அவளுக்கும் சொல்லல்ல. ருசி தெரியாத பட்லரை எந்தத் துரை வச்சிருப்பான்?

— அப்ப அண்டைக்கி?

— லேபலைப் பாத்தன். ஒரு துளி நக்கினன், சுட்டிச்சி. நல்லதெண்டு சொன்னன்.

— மரத்துக்கு அடிக்கிற வாணிசு மணம் வருதெண்டு அவர் சொல்லல்லையா?

— அவனே சொல்லிட்டானா உனக்கு?

— நீங்க சொல்லுங்க.

— சொன்னான். ரெண்டு தரம் சொன்னான். 'எனக்கா படிப்பிக்க வாறாய், போய் ஊத்தடா' எண்டு ஏசினன். தலையக் குனிஞ்சிக்கொண்டு ஊத்தினான். என்ர பாவம் இமெல்டா. அந்த மணத்தை நினைச்சி நினைச்சி நித்திரை இல்ல எனக்கு.

— அவர் ஒண்டும் கலக்கல்ல.

— கலக்கல்ல. பெட்டியே நஞ்சாத்தான் வந்திரிக்கி. வழக்கு செவ்வாய்க்கிழமைதானே? மாதா மேல சத்தியமாச் சொல்றன், நானே பதுளைக்குப் போய்க் கோட்டுக் கூண்டில ஏறி 'என்ர நாக்குச் செத்துப்போய்த்து ஐயா, என்ர சாட்சி பொய்' எண்டு சொல்றன். வேலை போனாப் போகட்டும். அவனை விட்டிடுவாங்க. நீ அழாத.

— நான் அழல்ல அண்ணன். செவ்வாய்க்கிழமை வழக்கு இல்ல.

— தள்ளிப் போட்டிட்டாங்களா?

— காலமை மறியல்ல இருந்து தந்தி வந்திச்சி. காய்ச்சலோட கிடந்து ராத்திரி முடிஞ்சிட்டாராம். நாளைக்கு லொறியில பொட்டி வருது. அதுக்குத்தான் சுவாமியக் கண்டு போட்டு வாறன்.

— ஏசுவே... அப்ப இதெல்லாம் என்னத்துக்குப் புள்ள? ஆளே இல்லையெண்டாப் பிறகு என்னை ஏன் சொல்ல வச்சாய்?

— இந்தப் போத்தலுகளை நிரப்பி மூணு நாளாச்சி. வழக்குக்கெண்டுதான் நிரப்பினன். தந்தியப் படிச்சாப் பிறகும் கொண்டராம இரிக்க ஏலாமப் போச்சி. எனக்குத் தெரியணும் அண்ணன். நாளைக்கு அந்தப் பொட்டிக்குப் பக்கத்தில அவரை ஆரெண்டு நினைச்சிக்கொண்டு நான் இரிக்கிறது?

— அவன் உன்னட்டச் சொல்லியிருப்பானே.

— சொன்னாரு. ரெண்டு கிழமைக்கு முதல் பாக்கப் போன நேரம், கம்பியப் புடிச்சிக்கொண்டு 'நான் கலக்கல்ல இமெல்டா, நீயாவது நம்பு' எண்டு அழுதாரு. 'இராயப்பு அண்ணன்ட நாக்கு பொய் சொல்லாது' எண்டு சொல்லிப்போட்டு, கொண்டுபோன சோத்துப் பொதிய வச்சிட்டு வந்தன். அதை அவிழ்க்கவே இல்லையாம். அண்டையில இருந்து ஒரு சோறும் தொடல்லையாம்.