பஸ்ஸுக்குள் ஒரு பேண்டு ஒத்திகை

துபாயிலிருந்து ராஸ் அல் கைமா போகும் பஸ்ஸில் பின்னாலிருந்து டம், டம் என்று சத்தம் வந்ததும், சக்கரம் கழன்றுவிட்டதென்று முடிவுகட்டி, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தால், சிமெண்ட் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர் மடியில் போனை ஸ்பீக்கரில் வைத்துச் சோற்று டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“இடது கால் பாப்பா, இடது.”

“என்னண்ணே, பஸ்ஸுக்குள்ளயே அணிவகுப்பா?” என்றார் அவருக்குப் பக்கத்து சீட்காரர்.

“ஊர்ல மக கவர்மெண்ட் ஸ்கூல் பேண்டுல இருக்கா தம்பி. முன்னாடி கோல் பிடிச்சு நடக்க நாளைக்கு ஆளெடுக்குறாங்க. கால் தப்புதுன்னு ஒரே அழுகை. அதான் வீட்டு மொட்டை மாடியில நடக்கவிட்டு, போன்ல தாளம் அடிக்கிறேன்.”

“இந்தத் தாளத்துக்கு ஒட்டகம்கூட நடக்காதுண்ணே.”

அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே மணல்மேடுகள் அந்த அடிக்கே மெதுவாக நடந்துபோயின.

போனில் ஒரு சின்னக் குரல் கேட்டது. “அப்பா, சுவரு வந்துருச்சு.”

“திரும்பி நடம்மா. அப்பா அடிச்சுக்கிட்டேதான் இருக்கேன்.”